டைம்டேபிள் அப்புறம், முதல்ல நீர்வரத்தைப் பாருங்க

(பாட்காஸ்ட் எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்களில் சுருக்கித் திருத்தப்பட்டது.)

இந்த வாரம் பெங்களூரு ரூம்ல இருந்து பேசல. ஊருக்கு வந்திருக்கேன். மேட்டூர்ல எங்க வீட்டு மொட்டை மாடியில உக்காந்து ரெக்கார்ட் பண்றேன். பின்னாடி ஒரு இரைச்சல் கேட்டா மைக்ல பிரச்சனைன்னு நினைச்சுக்காதீங்க. இந்த வருஷம், 2025ல, ஜூன் கடைசியிலேயே டேம் 120 அடி நிரம்பிடுச்சு. 16 கண் மதகு வழியா உபரி நீர் போயிட்டு இருக்கு. அந்தச் சத்தம்தான்.

இன்னிக்கு டாபிக், காலேஜ்ல படிக்கிறதுக்கு நமக்கு நாமே ஒரு பிளான் போட்டுக்கிறது எப்படி. இதைப் பத்திப் பேச நான் பெரிய டாப்பர் கிடையாது. முதல் செமஸ்டர்லயே ரெண்டு அரியர் வாங்கினவன். அதனாலதான் பேசலாம்னு தோணுச்சு.

மூணு வாரத்துக்கு முன்னாடி என் சித்தி பொண்ணு வாட்ஸ்அப்ல ஒரு போட்டோ அனுப்பினா. நாமக்கல் பக்கம் ஒரு இன்ஜினியரிங் காலேஜ், ஹாஸ்டல்ல தங்கிப் படிக்கிறா. இப்போ செகண்ட் இயர் ஆரம்பம். ஃபர்ஸ்ட் இயர்ல ஒரு அரியர். போட்டோல இருந்தது ஒரு டைம்டேபிள். நாலு கலர் ஸ்கெட்ச். காலையில நாலரைக்கு எழுந்திருக்கணும், ராத்திரி பதினொண்ணுக்குப் படுக்கணும். கீழே, "அண்ணா, இது ஓகேவா?"

நான் அதுல இருந்த படிப்பு நேரத்தை மட்டும் கூட்டிப் பாத்தேன். வாரத்துக்கு 52 மணி நேரம். காலேஜ் நேரம் போக.

"சூப்பர்மா"ன்னு சொல்ல மனசு வரல. ஏன்னா அதே மாதிரி ஒண்ணு பத்து வருஷத்துக்கு முன்னாடி எங்க வீட்டு சுவத்துல ஒட்டியிருந்தது.

சுவத்துல ஒட்டின டைம்டேபிள்

2015ல நான் காலேஜ் சேர்ந்தேன். கம்ப்யூட்டர் சயின்ஸ். பன்னெண்டாவது வரைக்கும் அரசுப் பள்ளி, தமிழ் மீடியம். எங்க குடும்பத்துல நான்தான் ஃபர்ஸ்ட் கிராஜுவேட். அப்பா ஒரு ஃபேக்டரியில கான்ட்ராக்ட் ஃபிட்டர், ஷிப்ட் வேலை. அம்மாவுக்கு டேம் பார்க் பக்கத்துல மீன் வறுவல் கடை. மேட்டூர் வந்தவங்களுக்குத் தெரியும், அந்த வரிசைக் கடைகள்ல ஒண்ணு.

காலேஜ் சேலம் பக்கம். தினமும் பஸ்ல போய்ட்டு வருவேன். போக ஒண்ணேகால் மணி நேரம், வர ஒண்ணேகால் மணி நேரம்.

முதல் இன்டர்னல் டெஸ்ட்ல மார்க் அசிங்கமா வந்தது. அன்னிக்கே சார்ட் பேப்பர் வாங்கி டைம்டேபிள் போட்டேன். காலையில நாலரைல இருந்து ஆறரை, ராத்திரி எட்டுல இருந்து பதினொண்ணு. சனி, ஞாயிறு எட்டரை மணி நேரம். மொத்தம் 42 மணி நேரம். போட்டு முடிச்சதும் பாதி பாஸ் பண்ணிட்ட மாதிரி ஒரு சந்தோஷம்.

ஒன்பது நாள் ஓடுச்சு. பத்தாவது நாள் ஆயுத பூஜை லீவு. டேம்ல கூட்டம். அம்மா கடையில ஆள் பத்தல. ரெண்டு நாள் முழுக்க மீன் கழுவி மசாலா தடவிட்டு இருந்தேன். அந்த ரெண்டு நாள் பாக்கியை அடுத்த நாள்ல சேர்த்தேன். அடுத்த நாள் அதுவும் முடியல. அப்படியே சேர்ந்து சேர்ந்து, ரெண்டு வாரத்துல கணக்குப் பாத்தா 30 மணி நேரம் பாக்கி. அந்தச் சார்ட்டைப் பாக்கவே பிடிக்கல. ஒரு நாள் கிழிச்சுப் போட்டுட்டேன்.

அந்த டிசம்பர் ஞாபகம் இருக்கா? 2015 சென்னை வெள்ளம். அண்ணா யுனிவர்சிட்டி செமஸ்டர் பரீட்சையெல்லாம் தள்ளிப்போச்சு. எங்க ஊர்ல வெள்ளம் இல்ல, எனக்குக் கூடுதலா நாள் கிடைச்சது. உக்காந்து படிச்சிருக்கலாம். ஆனா எங்கிருந்து ஆரம்பிக்கிறதுன்னே தெரியல. இந்த புக்கைக் கொஞ்சம் புரட்டுவேன், அந்த புக்கைக் கொஞ்சம் புரட்டுவேன். நேரம் இருந்தும் ஒண்ணும் நடக்கல.

அப்பா கேட்ட கேள்வி

ரிசல்ட் வரும்போது ரெண்டாவது செமஸ்டர் ஆரம்பிச்சு ஓடிட்டு இருந்தது. ரெண்டு பேப்பருக்கு நேரா 'யூ'. எம்-ஒன், அதாவது மேத்தமேட்டிக்ஸ் ஒன்னு. இன்னொண்ணு இன்ஜினியரிங் கிராபிக்ஸ்.

அப்பா நைட் ஷிப்ட் கிளம்பறதுக்கு முன்னாடி சாப்பிட்டுட்டு இருந்தார். சொன்னேன்.

"அரியர்னா என்னடா?"

ஃபெயில், மறுபடி எழுதணும்னு சொன்னேன்.

"எழுதினா சரியாப் போயிடுமா?"

"ஆமாப்பா. ஆனா ஃபைனல் இயர்ல அரியர் நிலுவையில இருந்தா கம்பெனிக்காரங்க இன்டர்வியூவுக்கே உக்கார விட மாட்டாங்க."

கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல. அப்புறம் கேட்டார். "சரி. இந்தத் தடவை புதுப் பாடமும் இருக்கு, இந்த ரெண்டும் இருக்கு. உனக்கு எவ்வளவு நேரம் இருக்கு?"

நான் "காலையில நாலரைக்கு எழுந்து..."ன்னு ஆரம்பிச்சேன். "அது போன தடவை ஒட்டினியே கண்ணு, அதைக் கேக்கல. நெசமா எவ்வளவு இருக்கு?"ன்னார்.

திட்டியிருந்தாகூடப் பரவாயில்லைன்னு இருந்தது. பதில் சொல்லத் தெரியல. நான் அதை எண்ணினதே இல்ல.

பேப்பர்ல வர்ற நாலு எண்

எங்க ஊர்க்காரங்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. காலையில டீக்கடையில பேப்பரை விரிச்சா முதல்ல பாக்கிறது மேட்டூர் அணை நிலவரம். நாலு எண் வரும். நீர்மட்டம் இத்தனை அடி. நீர்வரத்து வினாடிக்கு இத்தனை கன அடி. வெளியேற்றம் இத்தனை கன அடி. நீர் இருப்பு இத்தனை டி.எம்.சி. முழுக் கொள்ளளவு 93.47 டி.எம்.சி. 1934ல கட்டி முடிச்ச அணை. இன்னிக்கும் டெல்டாவுக்கு எப்போ, எவ்வளவு தண்ணின்னு முடிவு பண்ண இந்த எண்களைத்தான் முதல்ல பாக்குறாங்க.

டெல்டா பாசனத்துக்கு அணை திறக்கிற வழக்கமான தேதி ஜூன் 12. மூடுற தேதி ஜனவரி 28. ஸ்கூல்ல ஜி.கே. கேள்வியா மனப்பாடம் பண்ணியிருப்போம். ஆனா நான் காலேஜ் படிச்ச வருஷங்களைப் பாருங்க. 2015ல ஆகஸ்ட் 9 திறந்தாங்க. 2016ல செப்டம்பர் 20. 2017ல அக்டோபர் 2. 2018ல ஜூலை 19. ஒரு தடவைகூட ஜூன் 12 இல்ல. தேதி காலண்டர்ல அப்படியே இருந்தது. தண்ணி இல்ல.

குடகுலயும் வயநாட்டுலயும் மழை பெய்யணும், கர்நாடக அணைகள்ல இருந்து தண்ணி வரணும். இங்கே உக்காந்துட்டு ஜூன் 12ன்னு முடிவு பண்ணிட்டா மட்டும் நீர்மட்டம் ஏறிடாது.

அப்பா கேட்ட மறுநாள் காலையில பஸ்ஸுக்கு நின்னுட்டு இருக்கும்போது அந்தக் கட்டத்தைப் படிச்சேன். தினமும் படிக்கிறதுதான். அன்னிக்குத்தான் உறைச்சது. நான் போட்ட டைம்டேபிள்ல இருந்தது திறக்கிற தேதி மட்டும்தான். எவ்வளவு வருதுன்னு பாக்காமலேயே எவ்வளவு திறக்கணும்னு எழுதி வெச்சிருக்கேன்.

ஒரு வாரம் சும்மா எண்ணுங்க

முதல் வேலை, ஒரு வாரம் எந்த பிளானும் போடாம எண்ணினேன். பாக்கெட் நோட்டு ஒண்ணு. எப்பல்லாம் நெசமா படிக்கிறேனோ அப்போ ஆரம்பிச்ச நேரம், முடிச்ச நேரம். அவ்வளவுதான்.

அதுக்கு முன்னாடி தாள்ல ஒரு கணக்குப் போட்டேன். வாரத்துக்கு 168 மணி நேரம். தூக்கம் 49. காலேஜும் பஸ்ஸும் சேர்த்து 50. சாப்பாடு, குளியல், வீட்டு வேலை, வெட்டிப் பேச்சு எல்லாம் நாளைக்கு மூணுன்னு வெச்சா 21. சனி, ஞாயிறு அம்மா கடை 12. மீதி 36 மணி நேரம். பரவாயில்லையேன்னு இருந்தது.

வாரக் கடைசியில நோட்டைக் கூட்டினா, 11.

அதுவும் ஜியோ வர்றதுக்கு முன்னாடி. 2016 பிப்ரவரி, மார்ச் சமயம். டேட்டா பேக்கை எண்ணி எண்ணிச் செலவு பண்ணின காலம். ரீல்ஸ் கிடையாது. அப்பவே 36ல 25 மணி நேரம் எங்கேயோ போயிருக்கு. பஸ்ல இருந்து இறங்கி வந்து அரை மணி நேரம் சுவத்தையே பாத்துட்டு உக்காந்திருப்பேன். அதெல்லாம் தாள்ல எழுத மாட்டோம்.

இது எனக்கு மட்டும் நடக்கிறது இல்ல. பியூலரும் இன்னும் ரெண்டு உளவியல் ஆய்வாளர்களும் 1994ல ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. தீசிஸ் எழுதிட்டு இருந்த 37 மாணவர்கள்கிட்ட, எத்தனை நாள்ல முடிப்பீங்கன்னு கேட்டாங்க. சராசரியா 33.9 நாள்னு பதில் வந்தது. எல்லாமே தப்பா நடந்தா எத்தனை நாள் ஆகும்னு கேட்டதுக்கு 48.6 நாள். நிஜத்துல ஆனது 55.5 நாள். மோசமா நடந்தா இவ்வளவு ஆகும்னு அவங்களே சொன்னதைவிட அதிகம். இதுக்கு பிளானிங் ஃபேலஸின்னு பேரு. டேனியல் கானமனும் ஏமஸ் ட்வெர்ஸ்கியும் 1979லயே வெச்ச பேரு.

இப்போ சாஃப்ட்வேர் வேலையில தினமும் இதைத்தான் பாக்குறேன். ரெண்டு நாள்ல முடிச்சிடறேன்னு மீட்டிங்ல சொல்லிட்டு அஞ்சாவது நாளும் அதே பக்-ஐப் பாத்துட்டு உக்காந்திருக்கோம். அதனால டீம்ல ஒரு பழக்கம். அடுத்த ரெண்டு வாரத்துக்கு வேலை எடுக்கும்போது, போன ரெண்டு வாரத்துல எவ்வளவு முடிச்சோம்னு பாத்துட்டுத்தான் எடுப்போம். ஆசைப்பட்ட அளவை எடுக்க மாட்டோம்.

அதனால 11ன்னு வந்தா வெக்கப்படாதீங்க. அதுதான் உங்க நீர்வரத்து. அதை வெச்சுத்தான் முதல் பிளான். ஏத்தறதை அப்புறம் பாக்கலாம்.

ஒரு யூனிட்டுக்கு 2 மணி 45 நிமிஷம்

அடுத்தது வகுத்தல் கணக்கு. ரிசல்ட் வந்தப்போ செமஸ்டர் பரீட்சைக்கு 12 வாரம் பாக்கி. அதுல ரெண்டு வாரத்தைத் தொடாம ஒதுக்கி வெச்சேன். காய்ச்சல், பண்டிகை, கல்யாணம், கடையில கூட்டம், ஏதாவது ஒண்ணு வரும். டேம்லயும் குடிநீருக்குன்னு ஒரு அளவு தண்ணியை விட்டு வெச்சுட்டுத்தான் மீதியைப் பாசனத்துக்குக் கணக்குப் போடுவாங்க.

ஆக 10 வாரம். வாரத்துக்கு 11 மணி நேரம். மொத்தம் 110.

பாடம்? புது செமஸ்டர்ல ஆறு தியரி பேப்பர், பழைய அரியர் ரெண்டு. எட்டு பேப்பர். பேப்பருக்கு அஞ்சு யூனிட். 40 யூனிட்.

110ஐ 40ஆல வகுத்தா, ஒரு யூனிட்டுக்கு 2 மணி 45 நிமிஷம்.

அந்த எண்ணைப் பாத்ததும் வயித்தைக் கலக்கிச்சு. ஆனா அதுக்கு முன்னாடி இருந்த பயம் வேற மாதிரி. "ஐயோ, நிறைய இருக்கே"ன்னு ஒரு இருட்டுப் பயம். இது அளவு தெரிஞ்ச பயம். 2 மணி 45 நிமிஷத்துல வெக்டர் கால்குலஸ் ஒரு யூனிட் முடியாதுன்னு எனக்கே தெரியும். அப்போ எதுக்கு அதிகம் கொடுக்கிறது, எதுல குறைக்கிறது? டைம்டேபிள் கேக்காத கேள்வி இது.

எங்க ரெகுலேஷன்ல தியரி பேப்பர் இப்படி இருக்கும். ரெண்டு மார்க் கேள்வி பத்து, பதினாறு மார்க் கேள்வி அஞ்சு. யூனிட்டுக்கு ரெண்டு டூ மார்க், ஒரு சிக்ஸ்டீன் மார்க். அதாவது ஒவ்வொரு யூனிட்டும் 20 மார்க். இங்கிலீஷுக்கு யூனிட்டுக்கு ஒரு மணி நேரம் போதும்னு குறைச்சேன். மேத்ஸுக்கு அஞ்சு மணி நேரம் கொடுத்தேன். புதுசா வந்த டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ் எனக்குப் பிடிச்சிருந்தது. அதை பஸ்லயும் கிளாஸ்லயுமே பாதி முடிச்சிடலாம்னு தெரிஞ்சது, அதுக்கும் குறைச்சேன்.

இப்போ படிக்கிறவங்க உங்க ரெகுலேஷனை எடுத்துப் பாருங்க. 2021 ரெகுலேஷன்ல தியரி பேப்பருக்கு இன்டர்னல் 40, செமஸ்டர் பரீட்சை 60. எங்களுக்கு இன்டர்னல் 20தான். அதனால கடைசி மாசத்துல பாத்துக்கலாம்ங்கிறது எங்களைவிட உங்களுக்கு இன்னும் ஆபத்து. அட்டானமஸ் காலேஜ்னா கணக்கு மாறும். சிலபஸ் காப்பியும் மார்க் பிரிக்கிற விதமும் கையில இல்லாம பிளான் போட உக்காராதீங்க.

தண்ணி இறங்கினா தெரியற நந்தி

பண்ணவாடி பக்கம் போயிருக்கீங்களா? டேம்ல தண்ணி இறங்கினா, உள்ளே மூழ்கிக் கிடக்கிற பழைய ஜலகண்டேஸ்வரர் கோயிலோட நந்தி வெளியே தெரியும். ஒரு பழைய சர்ச்சோட கோபுரமும் தெரியும். அணை கட்டினப்போ மூழ்கின ஊர்களோட மிச்சம். தண்ணி நிறைய இருக்கும்போது அடியில அது இருக்கிறதே தெரியாது.

எம்-டூ முதல் யூனிட் வெக்டர் கால்குலஸ். கிரீன்ஸ் தியரம், ஸ்டோக்ஸ் தியரம். உக்காந்தா ஒண்ணுமே போகல. ஒரு கணக்கை எடுத்து எங்கே நிக்கிறேன்னு பாத்தேன். டபுள் இன்டெக்ரல் போடத் தெரியல. அது எம்-ஒன் அஞ்சாவது யூனிட், நான் ஃபெயில் ஆன பேப்பர். சரின்னு அதை எடுத்தேன். அதுலயும் நின்னேன். எங்கேன்னு பாத்தா, சாதாரண இன்டெக்ரேஷன்.

ஆனா இன்டெக்ரேஷன் எனக்குத் தெரியும் மக்களே! பன்னெண்டாவதுல தொகையிடல்னு பக்கம் பக்கமாப் போட்டிருக்கேன். கிளாஸ்ல "இன்டெக்ரேட் வித் ரெஸ்பெக்ட் டு எக்ஸ்"னு வேகமா சொல்லும்போது, அது நான் போட்ட அதே கணக்குன்னு மூளை சேர்த்துக்கல. அணிக்கோவைதான் டிடெர்மினன்ட். வகைக்கெழுதான் டெரிவேட்டிவ். திசையிலிதான் ஸ்கேலார். ஒரு செமஸ்டர் முழுக்கத் தெரிஞ்ச விஷயத்தைத் தெரியாதுன்னு நினைச்சுட்டு இருந்திருக்கேன்.

அன்னிக்கு ஒரு நாப்பது பக்க நோட்டை நடுவுல கோடு போட்டுப் பிரிச்சேன். இடது பக்கம் தமிழ் வார்த்தை, வலது பக்கம் இங்கிலீஷ் வார்த்தை. பழைய பன்னெண்டாவது கணக்குப் புத்தகத்தைப் பரண்ல இருந்து எடுத்தேன். மூணு நாள், மொத்தம் அஞ்சு மணி நேரம். அந்த அஞ்சு மணி நேரத்துல எம்-ஒன், எம்-டூ ரெண்டுமே திறந்துச்சு.

தமிழ் மீடியத்துல இருந்து வந்து இதைக் கேட்டுட்டு இருக்கிறவங்களுக்குத் தனியா சொல்றேன். உங்களுக்குப் பாடம் தெரியலையா, வார்த்தை தெரியலையான்னு முதல்ல பிரிச்சுப் பாருங்க. வார்த்தைன்னா அது சில மணி நேர வேலை. அதைச் செய்யாம நமக்கு மூளை இல்லைன்னு முடிவு பண்ணி டிராப் அவுட் ஆனவங்களை நான் பாத்திருக்கேன். என் கிளாஸ்லயே பாத்திருக்கேன்.

என்.பி.டி.இ.எல். வீடியோக்கள் சிலதுக்குத் தமிழ் எழுத்து வடிவமும் கிடைக்குது. அதையும் தேடிப் பாருங்க.

குறுவையை விடுறது

அஞ்சாவது வாரம். கணக்குப் பாத்தா பிளான்ல இருந்து எட்டு மணி நேரம் பின்னாடி இருந்தேன். ஒதுக்கி வெச்ச ரெண்டு வாரத்துல ஒண்ணு ஏற்கனவே போயிடுச்சு. அப்பாவுக்கு உடம்பு சரியில்லாம போய் கடையும் வீடும் என் தலையில.

பழைய நானா இருந்தா பாக்கியை அடுத்த வாரத்துல சேர்த்திருப்பேன். 11 மணி நேரம் வர்ற வாரத்துல 19ன்னு எழுதியிருப்பேன்.

டெல்டாவுல அணை திறக்கிறது ரொம்பத் தள்ளிப்போனா என்ன செய்வாங்க தெரியுமா? குறுவை கிட்டத்தட்ட 110 நாள் பயிர். ஆத்துத் தண்ணியை மட்டும் நம்பினவங்களுக்கு செப்டம்பர்ல அணை திறந்தா குறுவை போச்சு. போர் இருக்கிறவங்க போட்டுக்குவாங்க. மத்தவங்க சம்பாவுக்குத் தயாராவாங்க. ரெண்டு போகத்துக்கும் ஆசைப்பட்டுக் கையில இருக்கிற தண்ணியைப் பிரிச்சு விட்டா ரெண்டும் காயும். அதுல சந்தோஷம் ஒண்ணும் இல்ல, வருமானம் போகுது, கடன் ஏறுது. ஆனாலும் அந்த முடிவை எடுத்துத்தான் ஆகணும்.

நான் கிராபிக்ஸை விட்டேன். அந்த அரியரை இந்தத் தடவை எழுதறேன், ஆனா அதுக்குன்னு நேரம் ஒதுக்கல, மூணாவது செமஸ்டர்ல பாஸ் பண்றேன்னு நோட்டுல எழுதினேன். 40 யூனிட் 35 ஆச்சு. ஏன் கிராபிக்ஸ்? எம்-ஒன் இல்லாம எம்-டூ வராது, எம்-டூ இல்லாம அடுத்த செமஸ்டர் மேத்ஸ் வராது. கிராபிக்ஸை நம்பி கம்ப்யூட்டர் சயின்ஸ்ல அடுத்த பேப்பர் எதுவும் இல்ல.

அதை அப்பாகிட்ட சொல்றதுதான் கஷ்டமா இருந்தது. பரீட்சைக்கு முன்னாடியே ஒண்ணுல ஃபெயில் ஆகப்போறேன்னு சொல்றோம் இல்லையா? கணக்கு எழுதின நோட்டைக் காட்டினேன். கட்டில்ல படுத்துட்டே பாத்தார். "அப்ப மீதி ஏழு?"ன்னார். "அது வந்துடும்ப்பா"ன்னேன். "சரி, எழுதி வெய்யி"ன்னு நோட்டைத் திருப்பிக் கொடுத்தார்.

இதுல ஒரு எச்சரிக்கை. விடுறது வேற, தள்ளிப்போடுறது வேற. விட்டா எதுக்காக விடுறேன், திரும்ப எப்போ எடுப்பேன்னு ரெண்டும் எழுதணும். எழுதாம விட்டா அது ஃபைனல் இயர் வரைக்கும் நம்ம கூடவே வரும்.

"யூனிட் மூணு படிக்கணும்"னு எழுதாதீங்க

சின்ன விஷயம்தான், ஆனா எனக்கு ரொம்ப உதவினது. முன்னாடி பிளான்ல "யூனிட் 3 படிக்கணும்"னு எழுதுவேன். எப்போ முடிஞ்சதுன்னு தெரியாது. நோட்ஸைப் படிச்சா எல்லாம் தெரிஞ்ச மாதிரி இருக்கும், ஹால்ல பேனாவை எடுத்தா ஒண்ணும் வராது.

அதை மாத்தி, "2014 கேள்வித்தாள், யூனிட் 3 பதினாறு மார்க் கேள்வி, நோட்ஸைப் பாக்காம எழுதணும்"னு எழுத ஆரம்பிச்சேன். எழுத வந்தா முடிஞ்சது. வரலைன்னா எங்கே நின்னேனோ அதை மட்டும் திறந்து படிப்பேன்.

இதுக்கு ஆராய்ச்சியும் இருக்குன்னு பின்னாடிதான் தெரிஞ்சது. 2006ல ரோடிகர், கார்பிக்கின்னு ரெண்டு பேர் செஞ்சது. ஒரு குரூப் ஒரு பாடத்தைத் திரும்பத் திரும்ப நாலு தடவை படிச்சாங்க. இன்னொரு குரூப் ஒரு தடவை படிச்சுட்டு, மூணு தடவை பாக்காம நினைவுல இருந்து எழுதினாங்க. அஞ்சு நிமிஷம் கழிச்சு டெஸ்ட் வெச்சா, படிச்ச குரூப்தான் மேல. ஒரு வாரம் கழிச்சு வெச்சா தலைகீழ். திரும்பப் படிச்சவங்களுக்கு 40 சதவீதம் ஞாபகம் இருந்தது, எழுதிப் பாத்தவங்களுக்கு 61 சதவீதம். ராத்திரி படிச்சுட்டுக் காலையில பரீட்சைக்குப் போறது அன்னிக்கு வேலை செய்யுது, அடுத்த செமஸ்டர்ல கைவிடுது. அதுக்குக் காரணம் இதுதான்.

எனக்கு பஸ்ல போற நேரம் இதுக்குத்தான் ஆச்சு. கூட்டத்துல நின்னுட்டுப் படிக்க முடியாது. ஆனா நேத்து படிச்ச தியரத்தைக் கண்ணை மூடி மனசுக்குள்ள முதல்ல இருந்து சொல்லிப் பாக்கலாம். எங்கே சிக்குதோ அந்த இடத்தை இறங்கினதும் பாப்பேன். காசும் இல்ல, எக்ஸ்ட்ரா நேரமும் இல்ல.

ஞாயித்துக்கிழமை இருபது நிமிஷம்

கடைசிப் பழக்கம். ஞாயிறு ராத்திரி கடை மூடினதும் இருபது நிமிஷம். நோட்டைத் திறந்து நாலு வரி எழுதுவேன். இந்த வாரம் எத்தனை மணி நேரம் வந்தது. அது எங்கே போச்சு. எந்தெந்த யூனிட்ல கேள்வி எழுத வருது. பரீட்சைக்கு இன்னும் எத்தனை வாரம். பேப்பர்ல வர்ற அணை நிலவரம் மாதிரியே. கலர் ஸ்கெட்ச் கிடையாது. யாருக்கும் காட்டவும் தேவையில்ல.

வாரத்துக்கு 11னு ஆரம்பிச்சது மே மாசம் 15 ஆச்சு. நான் திடீர்னு ஒழுக்கமானவன் ஆகல. எழுதி வெச்சதுல, காலேஜ் விட்டு வந்ததும் போற அந்த அரை மணி நேரம் கண்ணுல பட்டுட்டே இருந்தது. அதை மட்டும் சரி பண்ணினேன்.

ரிசல்ட்? எட்டுல ஏழு பாஸ். எம்-ஒன் எல்லைக்கோட்டுல, எம்-டூ கொஞ்சம் மரியாதையா. கிராபிக்ஸ் சொன்ன மாதிரியே 'யூ'. அதை மூணாவது செமஸ்டர்ல முடிச்சேன். ஃபைனல் இயர்ல அரியர் இல்லாம இன்டர்வியூல உக்காந்தேன், வேலையும் கிடைச்சது. இந்தக் கதையில டாப் ரேங்க் எல்லாம் கிடையாது, மன்னிச்சுக்கோங்க.

சித்தி பொண்ணுக்கு வருவோம். 52 மணி நேர டைம்டேபிளை அப்படியே வெச்சுக்கோ, ஒரு வாரம் அதைப் பாக்காம எண்ணு மட்டும்னு சொன்னேன். எண்ணினா. 13 வந்தது. "அண்ணா, 13தானா? வெக்கமா இருக்கு"ன்னா. "என்னோடது 11மா, நீ பரவாயில்ல"ன்னேன். ரெண்டு பேரும் வீடியோ கால்ல உக்காந்து அவளோட பேப்பர், யூனிட், வாரம் எல்லாத்தையும் வகுத்தோம். அவ அரியரை இந்தத் தடவை எடுக்க இடம் இருந்தது. எடுத்திருக்கா.

நேத்து ஞாயிறு மெசேஜ் வந்தது. "இந்த வாரம் 12 அண்ணா. ஹாஸ்டல்ல ஒருத்திக்கு பர்த்டே." அவ்வளவுதான். முன்னாடி மாதிரி சாரி சொல்லல, நாளையில இருந்து கண்டிப்பான்னும் சொல்லல. எழுதி வெச்சுட்டியான்னு மட்டும் கேட்டேன். வெச்சுட்டாளாம்.

உங்களுக்கும் அதேதான். இந்த வாரம் பிளான் எதுவும் போடாதீங்க. எண்ணுங்க. அடுத்த ஞாயிறு அந்த எண்ணை மட்டும் எனக்கு வாய்ஸ் நோட்டா அனுப்புங்க. சின்ன எண்ணா இருந்தாலும் அனுப்புங்க, 11க்குக் கீழ வந்தா முதல்ல உங்களுக்குத்தான் பதில் போடுவேன்.

அம்மா கீழே இருந்து கூப்பிடறாங்க. டேம் நிரம்பினதால கடையில செம கூட்டம். நான் மீன் கழுவப் போறேன். அடுத்த எபிசோட்ல பாக்கலாம்.